மோசேக் குடியேற்றம்: அடிமைகளின் விடுதலையும் பேரரசுகளின் நலனும் – ஒரு வரலாற்று நோக்கு

1

அமெரிக்க அடிமை முறையின் வரலாற்றைக் கற்கும் மாணவர்களுக்கு, தப்பியோடும் அடிமை என்றதும் வடக்கு நோக்கிச் செல்லும் ஒருவனின் உருவமே மனக்கண்முன் தோன்றுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நூல்களும் நினைவுக் குறிப்புகளும் அவ்வுருவத்தை ஆழமாகப் பதித்துவிட்டன. ஆயின் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே ஆங்கிலேயக் குடியேற்றநாடான கரோலைனாவிலிருந்து அடிமைகள் தெற்கு நோக்கி ஓடினர். அவர்களுடைய இலக்கு ஸ்பானியர் வசமிருந்த புளோரிடாவின் சென் ஓகஸ்ரின் நகரம். அந்நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், 1738 ஆம் ஆண்டில், அவ்வாறு வந்தோருக்கென ஒரு கோட்டையும் ஊரும் அமைக்கப்பட்டன. கிராசியா றியால் டி சாந்தா தெரேசா டி மோசே என்பது அதன் முழுப்பெயர், சுருக்கமாக மோசே. இன்றைய ஐக்கிய அமெரிக்காவின் எல்லைக்குள் சட்டத்தின் அங்கீகாரத்துடன் தோன்றிய முதலாவது சுதந்திரக் கறுப்பினக் குடியேற்றம் இதுவேயாகும்.

இவ்விடம் இன்று புளோரிடா மாநிலத்தின் வரலாற்றுப் பூங்காவாகப் பேணப்படுகின்றது. 1994 ஆம் ஆண்டில் இது தேசிய வரலாற்றுச் சின்னமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்கு செல்வோர் ஒரு சிறிய நூதனசாலையையும், சதுப்பு நிலத்தின் மேலாகச் செல்லும் மரப்பலகை நடைபாதையையும், 2025 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட மீளமைப்புக் கோட்டையையும் காண்பர். பூங்கா எவற்றைக் காட்டுகின்றது என்பதை மட்டும் கூறுவது நமது நோக்கமன்று. மோசேயின் சுதந்திரம் எவ்வகையான சுதந்திரம்? அதனை அளித்தவர் யார், ஈட்டியவர் யார்? அதன் எல்லைகளை வரையறுத்த சமூக சக்திகள் யாவை? இவ்வினாக்களுக்கு விடை காணாதவிடத்து, அப்பூங்கா ஒரு மன்னனின் கருணைக்கு எழுப்பிய நினைவிடமாகவே நமக்குத் தோன்றும்.

2

கரோலைனாவின் தலைநகரான சார்ள்ஸ்ரன் 1670 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1565 இலேயே நிறுவப்பட்டிருந்த சென் ஓகஸ்ரினுக்கு இது நேரடியான அச்சுறுத்தலாயிற்று. இரண்டும் ஐரோப்பியப் பேரரசுகளின் குடியேற்றங்களேயெனினும், அவற்றின் பொருளாதார அடித்தளங்கள் அடிப்படையில் வேறுபட்டவை என்பது மனங்கொள்ளத்தக்கது. கரோலைனா நெற்பெருந்தோட்டங்களின் நாடாக வளர்ந்தது. மேற்காபிரிக்காவிலிருந்து கொணரப்பட்டோரின் உடலுழைப்பு மாத்திரமன்றி, அவர்களுடைய நெற்செய்கை அறிவும் அப்பொருளாதாரத்துக்குப் பயன்பட்டதென ஆய்வாளர் பலர் வாதிட்டுள்ளனர். 1708 ஆம் ஆண்டளவில் அங்கு கறுப்பினத்தவரின் தொகை வெள்ளையரின் தொகையை விஞ்சிவிட்டது. பெரும்பான்மையினரை அடிமைகளாக வைத்திருக்கும் சிறுபான்மை ஆளும் வர்க்கமொன்று அச்சத்திலேயே வாழும்; அச்சமே அதன் சட்டங்களையும் இயற்றும்.

சென் ஓகஸ்ரின் அத்தகையதன்று. அது ஒரு பாசறை நகர். மெக்சிக்கோவிலிருந்து ஆண்டுதோறும் வரவேண்டிய அரச மானியத்தை நம்பியே அது வாழ்ந்தது. அம்மானியமோ காலந்தாழ்த்தியே வந்து சேர்வது வழக்கம். அங்கு ஏற்றுமதிக்கான பெருந்தோட்ட உற்பத்தி வளரவில்லை. அந்நகருக்கு வேண்டியிருந்தோர் போர்வீரரும் கைவினைஞரும் வழிகாட்டிகளுமே. அடிமைகள் அங்கும் இருந்தனர். ஆயினும் குடியேற்றத்தின் இருப்பு முழுவதும் அடிமைகளின் வயலுழைப்பிலே தங்கியிருக்கவில்லை. ஓடிவந்தோரை ஏற்றுக்கொள்ளுமளவுக்கு ஸ்பானிய ஆட்சி 'தாராளமாக' நடந்துகொண்டமைக்கான முதற்காரணத்தை இவ்விடத்திலேயே நாம் தேடவேண்டும். எதிரியின் தொழிலாளியைத் தன்பக்கம் இழுத்தலால் எதிரியின் செல்வம் குறைகின்றது; தனது படைவலிமை கூடுகின்றது.

1687 ஆம் ஆண்டில் எட்டு ஆண்களும் இரண்டு பெண்களும் ஒரு பாலுண்ணும் குழந்தையும் படகொன்றிலே கரோலைனாவிலிருந்து சென் ஓகஸ்ரினை வந்தடைந்தனர். ஆவணங்களில் இடம்பெறும் முதற் குழுவினர் இவர்களே. தேசாதிபதி டியேகோ டி கீரோகா அவர்களை ஏற்று, ஆண்களைக் கோட்டை கட்டும் பணியிலும் கொல்லுத் தொழிலிலும் கூலிக்கு அமர்த்தினார். பெண்கள் அவர் மாளிகையில் வீட்டுப்பணி செய்தனர். அவர்கள் கத்தோலிக்க சமயத்தைத் தழுவ விரும்பினர் என்பதே அரசுக்கு அறிவிக்கப்பட்ட காரணம். அடுத்த ஆண்டு கரோலைனாவின் தூதுவர் வந்து கேட்டபோது அவர்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. பின்னும் பலர் வந்தனர். இறுதியில் 1693 நவம்பர் 7 ஆம் நாள், ஓடிவந்த ஆண் பெண் அனைவருக்கும் சுதந்திரம் வழங்குமாறு ஸ்பானிய மன்னன் இரண்டாம் சார்ள்ஸ் கட்டளை பிறப்பித்தான்.

நிகழ்ச்சிகளின் இவ்வொழுங்கு மிக முக்கியமானது. முதலில் ஓட்டம், ஆறாண்டுகளின் பின்னரே கட்டளை. மன்னன் கதவைத் திறந்தமையால் அடிமைகள் ஓடிவரவில்லை. அவர்கள் வந்து கதவைத் தட்டியமையால் மன்னன் அதனைத் திறக்கவேண்டியதாயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அடிமைகள் பெருந்தொகையாகப் பெருந்தோட்டங்களை விட்டு நீங்கியமையை ஒரு பொது வேலைநிறுத்தமாக டபிள்யூ. ஈ. பி. டு பொய்ஸ் 1935 இல் விளக்கினார். கரோலைனாவின் ஓட்டங்கள் அளவிற் சிறியவையாயினும் தன்மையில் அவற்றின் முன்னோடிகளே எனலாம். தமது உழைப்பைப் பறித்தெடுத்துச் சென்றதன் மூலம் இரு பேரரசுகளின் கொள்கையை அவர்கள் மாற்றியமைத்தனர்.

3

கட்டளை பிறந்தமையால் சுதந்திரம் கிட்டிவிட்டதென எண்ணுதல் தவறாகும். 1693 க்குப் பின்னரும் ஓடிவந்தோர் பலர் சென் ஓகஸ்ரினில் அடிமைகளாகவே வைக்கப்பட்டனர்; 1720 களில் சிலர் ஏலத்திலும் விற்கப்பட்டனர். சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடைப்பட்ட இவ்வெளியிலேதான் மோசேயின் தலைவனாகப் பின்னர் விளங்கிய பிரான்சிஸ்கோ மெனெண்டெஸ் நமக்கு அறிமுகமாகின்றான்.

மெனெண்டெஸ் மேற்காபிரிக்காவின் மண்டிங்கா இனத்தவன். கரோலைனாவில் அடிமையாயிருந்த அவன், 1715 இல் யமசி என்னும் செவ்விந்தியக் குழுவினர் ஆங்கிலேயருக்கெதிராகத் தொடுத்த போரில் அவர்களுடன் சேர்ந்து பொருதான். பின்னர் சென் ஓகஸ்ரினை வந்தடைந்தான். அங்கும் அவனுக்கு அடிமை வாழ்வே வாய்த்தது. ஆயினும் 1726 இல் அவன் கறுப்பினக் குடிப்படையின் தலைவனாக நியமனம் பெற்றான். சட்டப்படி அடிமை, பதவியாற் படைத்தலைவன் என்னும் இம்முரண்பாடு அப்பாசறை நகரின் சமூக அமைப்பையே சுட்டுகின்றது. அவன் தனக்கும் தன்னைச் சார்ந்தோருக்கும் விடுதலை வேண்டி அடுத்தடுத்து விண்ணப்பங்களைச் சமர்ப்பித்தான். அவனுடன் போரிட்ட யமசித் தலைவன் ஜோர்ஜ் அதற்குச் சான்றுரைத்தான். 1738 மார்ச் 15 ஆம் நாள் தேசாதிபதி மனுவேல் டி மொன்தியானோ அவர்களுக்கு நிபந்தனையற்ற சுதந்திரம் வழங்கினார். அண்ணளவாக நூறு பேர் கொண்ட குடியேற்றமாக மோசே உருப்பெற்றது.

இங்கு ஒரு கோட்பாட்டுப் பிரச்சினை எழுகின்றது. பொருளாதார, இராணுவத் தேவைகளே காரணமெனின், சட்டமும் சமயமும் வெறும் போர்வைகள்தாமா? அவ்வாறு கொள்வது இயந்திரப்பாங்கான விளக்கமாகிவிடும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே காஸ்தீலிய மன்னன் பத்தாம் அல்போன்சோ காலத்திற் தொகுக்கப்பட்ட சட்டநூல் அடிமை நிலையை இயற்கைக்கு மாறானதென ஏற்றுக்கொண்டிருந்தது. ஸ்பானியச் சட்ட மரபில் அடிமை நீதிமன்றத்தை நாடவும் தன் விடுதலையை விலைக்கு வாங்கவும் இடமிருந்தது. இம்மரபு இருந்தமையால் அடிமை முறை ஒழியவில்லை. ஸ்பானியப் பேரரசு கோடிக்கணக்கான மக்களின் துன்பத்தின் மீதே நின்றது. எனினும், உரிமை கோருவதற்கான மொழியொன்று அதிலிருந்து கிடைத்தது. ஆளும் வர்க்கம் தன்னை நியாயப்படுத்த வகுத்துக்கொண்ட கருத்துகளை ஆளப்படுவோர் தமது ஆயுதமாக மாற்றிக்கொள்வதுண்டு. மேற்கட்டுமானமும் போராட்டக் களமே என்பதற்கு மெனெண்டெஸின் விண்ணப்பங்கள் தக்க சான்றாகும்.

4

மோசேயின் செய்தி கரோலைனாவின் பெருந்தோட்டங்களிற் பரவியது. 1739 செப்டெம்பர் 9 ஆம் நாள் ஸ்ரோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்து தெற்கு நோக்கி நடந்தனர். அவர்களுட் பலர் கொங்கோ நாட்டினர், அந்நாட்டிலேயே கத்தோலிக்கத்தை அறிந்திருந்தோர் என வரலாற்றாசிரியர் ஜோன் தோர்ன்ரன் எடுத்துக்காட்டியுள்ளார். கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. 1740 இல் கரோலைனா இயற்றிய சட்டம் அடிமைகள் ஒன்றுகூடுவதையும், தமக்கெனப் பொருளீட்டுவதையும் தடைசெய்தது. அவர்களுக்கு எழுதக் கற்பித்தலைக் குற்றமாக்கியது.

அதே 1740 இல் ஜோர்ஜியாவின் ஆளுநரான ஜேம்ஸ் ஓகில்தோர்ப் சென் ஓகஸ்ரினை முற்றுகையிட்டான். மோசே மக்கள் நகருக்குள் அழைத்துக்கொள்ளப்பட, அவர்களது கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. யூன் 26 விடியற்காலையில் ஸ்பானியப் படையினரும் செவ்விந்தியரும் மோசேயின் குடிப்படையினரும் ஒன்றுசேர்ந்து அதனைத் தாக்கி மீட்டனர். ஆங்கிலேயர் பேரிழப்புக்குள்ளாயினர், முற்றுகையும் விரைவிற் கைவிடப்பட்டது. ஆனால், கோட்டை அழிந்துபோயிற்று.

இலக்கிய மாணவர்களாகிய நாம் குறிப்பாக நோக்கவேண்டிய செய்தி ஒன்று இவ்வாண்டைச் சார்ந்துள்ளது. கரோலைனாவில் அடிமைக்கு எழுதக் கற்பித்தல் குற்றமாக்கப்பட்ட அதே ஆண்டின் இறுதியில், முன்னாள் அடிமையான மெனெண்டெஸ் தன் போர்ச் சேவைகளை எடுத்துக்கூறி, அவற்றுக்குரிய ஊதியத்தை வேண்டி ஸ்பானிய மன்னனுக்கு எழுதினான். விண்ணப்பம் என்பது பணிவின் வடிவம். அதன் சொல்லாட்சி ஆள்வோனின் பெருமையிலிருந்தே தொடங்கும். ஆயினும் அவ்வடிவத்துக்குள் ஓர் உரிமைக் கணக்கு அடங்கியுள்ளது: இன்ன சேவை செய்தேன், இன்னது எனக்கு உரியது. ஆபிரிக்க அமெரிக்க எழுத்தின் வரலாற்றை ஆங்கில மொழியிலமைந்த தன்வரலாறுகளிலிருந்து மாத்திரம் தொடங்குவோர், ஸ்பானிய மொழியில் எழுந்த இத்தகைய ஆவணங்களைப் புறக்கணித்துவிடுகின்றனர். எழுத்துக்குள்ள சமூகப் பயனைக் கருதுமிடத்து, நயமிக்க பல பனுவல்களுக்கு இவை எவ்வகையிலும் குறைந்தனவல்ல.

அரசு அவனுக்கு உரியதை வழங்கியதாகத் தெரியவில்லை. அவன் கடற்படையெடுப்புக் கப்பலிற் சேர்ந்தான். 1741 இல் ஆங்கிலேயரிடம் அகப்பட்டு, 200 கசையடிகள் விதிக்கப்பட்டு, பஹாமாசில் மீண்டும் அடிமையாக விற்கப்பட்டான். எவ்வாறோ மீண்டுவந்த அவனை 1759 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கில் மோசேயின் தலைவனாக மறுபடியும் காண்கிறோம்.

5

மோசே மக்கள் பன்னிரண்டு ஆண்டுகள் சென் ஓகஸ்ரின் நகரிலேயே வாழ்ந்தனர். 1752 இல் தேசாதிபதி கார்சியா டி சொலிஸ் அவர்களை மீண்டும் மோசேக்குச் செல்லுமாறு பணித்தபோது அவர்கள் எதிர்த்தனர். தண்டனையின் துணைகொண்டே அவர்கள் அனுப்பப்பட்டனர். நகரின் வடக்கு வாயிலைக் காக்கும் முன்னரணாகவே அரசு அவர்களைக் கருதியது என்பதை இந்நிகழ்ச்சி ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றது. தமது குடியிருப்பைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுடைய சுதந்திரத்துள் அடங்கவில்லை.

1759 ஆம் ஆண்டுக் கணக்கின்படி 22 வீடுகளில் 67 பேர் இருந்தனர்: ஆண்கள் 37, பெண்கள் 15, சிறுவர் 7, சிறுமியர் 8. இவ்வெண்கள் நுணுக்கமாக வாசிக்கத்தக்கவை. ஆண்கள் பெண்களினும் இருமடங்குக்கு மேற்பட்டிருந்தனர். ஆண்களுட் சிலரின் மனைவியர் சென் ஓகஸ்ரினில் இன்னும் அடிமைகளாகவேயிருந்தனர். சிலர் செவ்விந்தியப் பெண்களை மணந்தனர். ஒரே குடும்பத்துள் கணவன் சுதந்திரன், மனைவி அடிமை என்னும் நிலையும் இருந்தது. மண்டிங்கா, கொங்கோ, கரபாலி எனப் பல இனத்தவர் அங்கு வாழ்ந்தனர். ஞானஸ்நானப் பதிவேடுகளிலே ஒருவர் மற்றொருவரின் பிள்ளைக்கு ஞானத்தந்தையாகவும் ஞானத்தாயாகவும் நின்றமை திரும்பத்திரும்பக் காணப்படுகின்றது. அடிமை வாணிகம் அறுத்தெறிந்த இரத்த உறவுகளின் இடத்தில் அவர்கள் புதிய உறவுமுறையொன்றைக் கட்டியெழுப்பினர். சமயச் சடங்கு இங்கு சமூக மீளாக்கத்தின் கருவியாயிற்று.

1763 இல் பாரிஸ் உடன்படிக்கையின்படி புளோரிடா பிரித்தானியர் கைக்கு மாறியது. மோசே மக்கள் ஸ்பானியருடன் கியூபாவுக்குப் பெயர்ந்து, மத்தான்சாஸ் பகுதியிற் குடியமர்த்தப்பட்டனர். அங்கு நிலமும் சில கருவிகளும் சிறு மானியமும் அவர்களுக்குக் கிடைத்தன; தலைமை நின்றோருக்குத் தலா ஓர் ஆபிரிக்க அடிமையும் வழங்கப்பட்டது. அடிமைத்தளையை அறுத்தோருக்கு அரசு வழங்கிய பரிசு மற்றோர் அடிமை! தனிமனிதரின் ஒழுக்கக் குறைபாடாக இதனை நோக்குவதிற் பயனில்லை. உற்பத்தி உறவுகள் மாறாதவிடத்து, சுதந்திரம் என்பது சுரண்டப்படுவோர் வரிசையிலிருந்து சுரண்டுவோர் வரிசைக்குச் சிலர் இடம்மாறுவதாகவே முடியக்கூடும் என்ற கசப்பான உண்மையை இது உணர்த்துகின்றது. 1784 இல் ஸ்பெயின் புளோரிடாவை மீண்டும் பெற்றது. அடைக்கலக் கொள்கையும் தொடர்ந்தது. ஆனால், புதிய அமெரிக்கக் குடியரசின் நெருக்குதலால் 1790 இல் அக்கொள்கை கைவிடப்பட்டது. அரசின் நலன் மாறியதும் அரசு தந்த சுதந்திரமும் மறைந்தது.

6

இனி, இவ்வரலாறு எவ்வாறு மீட்கப்பட்டது என்பதை நோக்குவோம். ஸ்பானிய ஆவணக் காப்பகங்களிற் பணியாற்றிய ஐரீன் றைற் 1924 இல், கறுப்பின வரலாற்றுக்கென அமைந்த ஆய்விதழில், மோசே பற்றிய ஆவணங்களை வெளியிட்டார். அதே இதழில் 1927 இல் எழுத்தாளர் சோறா நீல் ஹேர்ஸ்ரன் இப்பொருள் பற்றிய ஆவணங்களை வெளிக்கொணர்ந்தார். ஆயினும், களத்தில் அகழ்வு நடந்தாலன்றி மோசேயின் இருப்பை ஏற்கப் பலர் ஆயத்தமாயிருக்கவில்லை. தொல்பொருளியலாளர் கத்லீன் டீகன் தலைமையில் 1986 முதல் 1988 வரை நடைபெற்ற அகழ்வுகளும், ஜேன் லாண்டர்ஸ் ஆவணங்களைக்கொண்டு செய்த ஆய்வுகளும் இணைந்தே இன்று நாம் அறியும் மோசேயை உருவாக்கின. 1752 ஆம் ஆண்டுக் கோட்டையின் அகழியும் மண்சுவரின் அடித்தளமும் கண்டறியப்பட்டன. துப்பாக்கிக் குண்டுகள், களிமண் புகைக்குழாய்த் துண்டுகள், செபமாலை மணிகள், கையாற் செய்யப்பட்ட புனித கிறிஸ்தோப்பர் பதக்கமொன்று என்பன கிடைத்தன. உணவெச்சங்கள் மீனையும் சிப்பியையுமே பெரிதும் காட்டின. அயலிலிருந்த செவ்விந்தியரின் உணவை அவை ஒத்திருந்தன. ஆவணங்கள் படைவீரரைப் பேசின. மண்ணோ உழைத்துண்ட மனிதரைப் பேசிற்று.

பூங்காவின் நடைபாதை முடிவில் நின்று நோக்கும் நமக்குத் தெரிவது நீரும் நாணலும் மரங்கள் அடர்ந்த சிறு தீவும் மாத்திரமே. அத்தீவே இரண்டாவது கோட்டை நின்ற இடம். பதினெட்டாம் நூற்றாண்டில் உலர்ந்த நிலமாகவும் வயலாகவும் இருந்த பகுதி, நீர்மட்டம் உயர்ந்தமையால் இன்று சதுப்பாகிவிட்டது. 1738 ஆம் ஆண்டுக் கோட்டையின் தடங்கள் அச்சதுப்பிலே மறைந்துள்ளன. எனவே, 2025 இல் திறக்கப்பட்ட மீளமைப்பு பழைய இடத்தில் அன்றி, அருகேயுள்ள மேட்டு நிலத்திலேயே அமைந்துள்ளது. மண்சுவர்களும் அகழியும் முள்மிக்க செடிகளும் சூழ்ந்த சதுரக் கோட்டையொன்றை அக்கால ஆங்கிலக் குறிப்புகள் வருணித்துள்ளன, அவ்வடிவமே பின்பற்றப்பட்டது. பூங்காவில் ஓலை வேய்ந்த குடிலொன்றும், தட்டையான அடியுடைய ஸ்பானியப் படகொன்றும், சிறு தோட்டமும் மாதிரிகளாக உள்ளன.

மீளமைப்பு வரவேற்கத்தக்கதே. கண்ணாற் காணவும் காலால் நடக்கவும் இடமொன்றில்லாத வரலாறு எளிதில் மறுக்கப்படும். எனினும் எவ்வரலாற்றுச் சின்னமும் ஒன்றை முன்னிறுத்தி மற்றொன்றைப் பின்தள்ளுகின்றது. கோட்டையும் போரும் விழா எடுப்பதற்கு வாய்ப்பானவை. 1752 இன் எதிர்ப்பும், அடிமையாகவே எஞ்சிய மனைவியரும், கியூபாவில் வழங்கப்பட்ட அடிமைகளும் விழாவுக்கு உவந்தனவல்ல. அன்றியும், 2023 யூலையில் இதே புளோரிடாவின் கல்விச் சபை ஏற்றுக்கொண்ட வரலாற்றுப் பாட நியமங்கள், அடிமைகள் பெற்ற தொழிற்றிறன்கள் சிலவேளைகளில் அவர்களுக்கே பயன்பட்டன என்று மாணவருக்குக் கற்பிக்குமாறு கூறிக் கடுங்கண்டனத்துக்குள்ளாயின. ஒரே மாநிலம் ஒரு கையால் மோசேயை எழுப்புகின்றது. மறுகையால் அடிமை முறையின் கூர்மையை மழுக்குகின்றது. நினைவைப் பேணுதலும் மறதியை வளர்த்தலும் ஒரே நிறுவனத்தின் வேலைகளாக அமையலாம் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிவுகள் புலனாகின்றன. ஒன்று, மோசேயின் சுதந்திரம் பேரரசுகளின் போட்டி ஏற்படுத்திய இடைவெளியிற் பிறந்தது. இரண்டு, அவ்விடைவெளியைக் கண்டு அதனுட் புகுந்தோர் அடிமைகளே. அவர்களுடைய ஓட்டமும் வாளும் எழுத்தும் இன்றி மன்னனின் கட்டளை ஏட்டிலே கிடந்திருக்கும். மூன்று, அடிமை முறையைத் தாங்கிய பொருளாதார அமைப்பு நிலைத்திருந்தமையால் அச்சுதந்திரம் குறுகியதாகவும் நிலையற்றதாகவும் இருந்தது. இவற்றுள் முதலாவதை மட்டும் காண்போர் மோசே மக்களைச் சதுரங்கக் காய்களாக்குவர். இரண்டாவதை மட்டும் காண்போர் வீரகாவியம் பாடுவர். மூன்றாவதை மட்டும் காண்போர் அவர்களுடைய போராட்டத்தையே பயனற்றதெனத் தள்ளுவர்.

'முதலாவது' என்னும் அடைமொழியையும் அளவோடு கையாளுதல் நன்று. மெக்சிக்கோவில் யங்காவின் தலைமையிற் பொருதோர் மோசேக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தமது சுதந்திர ஊரை ஸ்பானிய அரசு ஏற்கச் செய்தனர். பிரேசிலின் பல்மாரெஸ் குடியேற்றம் பல தசாப்தங்கள் நின்று, 1694 இல் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டது. இவற்றோடு இணைத்து நோக்கும்போதே மோசேயின் உண்மையான சிறப்பு விளங்கும். அது கண்டம் முழுவதும் பரந்திருந்த எதிர்ப்பின் ஒரு கண்ணி. அந்த 1687 ஆம் ஆண்டுப் படகில் வந்த குழந்தையின் பெயரை ஆவணங்களிலிருந்து நாம் கற்கவில்லை. ஆயினும் ஒரு மன்னனின் கட்டளைக்கு முன்னோடியாக அக்குழந்தையைச் சுமந்துவந்தோரே நின்றனர் என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.